பத்து செக்கனில் கூட்டு வட்டியா?

"ஓ.எல். மெத்ஸ்: கூட்டு வட்டி பத்து செக்கனில்!" இப்படியொரு டியூஷன் நோட்டீஸ் நம் பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தோட்டத்தில் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் உழைத்த காசை இதற்குக் கட்டுகிறார்கள். மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

அப்படி ஒரு வகுப்புக்குப் போய்வந்த பிள்ளையிடம் கேட்டேன்: ரூபா 50,000, ஆண்டுக்கு 12% கூட்டு வட்டி, இரண்டு வருடத்தில் மொத்தம் எவ்வளவு? உடனே பதில் வந்தது: 62,500. எப்படி? "10% என்றால் 21 சேர்க்கணும் சேர். அப்போ 12% என்றால் 25."

பிழை. ஒவ்வொரு வருடமும் தொகை 1.12 மடங்காகிறது. 1.12 × 1.12 = 1.2544. விடை 62,720. இந்த 'மடங்கு' விளங்கினால் போதும், வேகம் தானாக வரும். மூன்று வருடமா? இன்னொரு முறை பெருக்கு. வருடங்கள் கூடினால் மடக்கை அட்டவணை இருக்கிறது.

அவசரம்தான் எதற்கு? இரண்டாம் வினாத்தாளில் மூன்று மணித்தியாலத்துக்குப் பத்து வினாக்கள். ஒன்றுக்கு 18 நிமிடம். புள்ளியும் விடைக்கு மட்டுமல்ல, படிமுறைக்கும் உண்டு. பத்து செக்கன் வித்தை எழுதும் பிள்ளை அந்தப் புள்ளிகளைத்தான் இழக்கிறது.

"வட்டி ஹராம், அதை ஏன் சேர் படிப்பிக்கிறீங்க?" என்று கேட்கும் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வட்டியைத் தடுத்த அதே குர்ஆன்தான் கடனை எழுதி வைக்கவும் சொல்கிறது. கணக்குத் தெரியாதவன்தான் வட்டியில் முதலில் விழுகிறான்.

லயத்து வாசலுக்கு வந்து "மாதம் நூற்றுக்கு ஐந்துதான்" என்று ஒருவர் சொல்வார். வருடத்துக்கு 60% என்று நாம் நினைப்போம். கட்டாத வட்டி மாதாமாதம் முதலோடு சேர்ந்தால் அது 60 அல்ல, கிட்டத்தட்ட 80%. 20,000 ரூபா கடன் ஒரே வருடத்தில் ஏறக்குறைய 35,900 ஆகும். அந்தக் கடதாசியில் அம்மா கையெழுத்து வைக்கும் முன் "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைதான் நமக்கு வேண்டும்.

ஆசிரியர்களாகிய நம்மிலும் குறை உண்டு. வருடம் வருடமாகக் கணக்கை எழுத வைத்துவிட்டு, ஏன் பெருக்குகிறோம் என்று சொல்லாமல் கடந்துவிடுகிறோம். அந்த இடைவெளியில்தான் இந்த நோட்டீஸ்கள் முளைக்கின்றன.

பெற்றோரே, இன்று இரவு பிள்ளையிடம் விடையைக் கேட்காதீர்கள். "ஏன் அப்படிப் பெருக்கினாய்?" என்று மட்டும் கேளுங்கள்.