முதற்பறிப்பும் விதைப் பழமும்

தக்காளித் தோட்டத்தில் முதற்பறிப்பு நாள் குடும்பத்துக்கே ஒரு திருநாள். அன்று வைக்கும் ரசத்தின் சுவையே தனி. ஆயினும் அங்கத்தினர்கள் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும்: அடுத்த பருவத்துக்கு விதை எங்கிருந்து வரும்?

வீரிய ஒட்டு ரகங்கள் மிகுந்த மகசூல் தருகின்றன; தூரச் சந்தைக்கும் நசுங்காமல் போய்ச் சேருகின்றன. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றின் விதையை எடுத்து விதைத்தால் தாய்ச் செடியின் குணம் நிலைப்பதில்லை. ஆகவே பருவந்தோறும் விதைக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். நாட்டுத் தக்காளி அத்தகையதன்று. பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் அதன் இனம் எளிதில் மாறாது. 1978-இல் பெரியகுளத்திலிருந்து வெளிவந்த பி.கே.எம். 1 ரகமும் அன்னஞ்சி என்னும் உள்ளூர்த் தக்காளியிலிருந்து தோன்றியதே. அவ்விதையை உழவர் காத்திராவிடில் இந்த ரகம் ஏது?

முதற்பறிப்பன்றே நோயற்ற, நன்கு காய்த்த செடிகளுக்கு அடையாளமிடுக. அவற்றின் கனிந்த பழங்களைச் சந்தைக்கு அனுப்பாது, விதைச் சாற்றை ஓரிரு நாள் புளிக்க வைத்துக் கழுவி நிழலில் உலர்த்துக. சங்கம் அவ்விதையை ரகவாரியாகச் சேமித்து, கேட்போருக்குக் கடனாக வழங்கலாம். அறுவடைக்குப்பின் விதையாகவே திருப்பிப் பெறலாம். பணத்தில் கூட்டுறவு கண்ட நாம் விதையிலும் அதனைக் காண்போமாக!