மல்லி வாசம் வரும் பீர்

ரசத்துக்குக் கொத்தமல்லி வறுத்தே வயதான எனக்கு, அந்த வாசம் பீரில் வரும் என்று தெரியாது. பெங்களூரு இந்திராநகர் நூறடிச் சாலையில் 2010 முதல் நடக்கும் டாய்ட் என்ற பீர் விடுதியில் என் மருமகள் எனக்குக் கொண்டுவரச் சொன்னது விட் பீர். பெல்ஜியத்து வழக்கப்படி கோதுமை, இடித்த மல்லி, ஆரஞ்சுத் தோல் சேர்த்தது. லேசான கலங்கல், கொஞ்சம் புளிப்பு, தொண்டையில் இறங்கியபின் மல்லி. அவள் வாங்கிய ஜெர்மன் வகைக் கோதுமை பீரிலோ வாழைப்பழமும் கிராம்பும் மணத்தன. இரண்டையும் யாரும் போடுவதில்லையாம். நொதிக்கும்போது ஈஸ்ட்டே உண்டாக்குகிற வாசனை.

அங்கேயே காய்ச்சுகிறார்கள், தொட்டிகள் கண்ணெதிரே நிற்கின்றன. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்தால் மால்ட். பேரப்பிள்ளைக்கு ராகி முளைகட்டிய எந்தப் பாட்டிக்கும் இதில் பாதி வேலை தெரியும்.

இனி என் கோபம். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மதுக்கடை என்றால் அரசின் டாஸ்மாக் மட்டும்தான். கம்பிக்குப் பின்னாலிருந்து கை நீட்டுகிறவரிடம் "எது ஸ்ட்ராங்?" என்பதைத் தவிர வேறென்ன கேட்பது? ஸ்ட்ராங் பீரில் ஆல்கஹால் 8 சதவீதம் வரை போகும். நான் குடித்தது ஏறக்குறைய 5. ஒரு கிளாஸை முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டு பேசினோம். பெண்கள் நாங்கள் உட்கார்ந்திருந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை (இதற்கே தனிக் கட்டுரை எழுதலாம்).

குடிக்கு ஓர் அண்ணனைப் பறிகொடுத்தவள் நான். குடித்தது எப்படி இருந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஏறியதா இல்லையா என்பதுதான் கணக்கு. முழு மதுவிலக்கு என்று ஓர் அரசு சொன்னால் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்வேன். ஆனால் தானே கடை வைத்து விற்கிற அரசு, பலம் குறைந்ததை, காய்ச்சியவரிடமே கேட்டு வாங்கும்படி விற்பதற்கு ஏன் இவ்வளவு தயங்குகிறது? அப்படிக் காய்ச்சும் பீர் ஒரு கிளாஸ் சில நூறு ரூபாய், கூலித் தொழிலாளிக்கு எட்டாது என்பார்கள். உண்மைதான். கோவையிலும் மதுரையிலும் பத்து சின்ன பீர் ஆலைகளுக்கு உரிமம் கொடுத்தால் குடிப்பழக்கம் ஒழியும் என்று நானும் சொல்லவில்லை. ருசி பார்த்துக் குடிக்கிறவருக்கு ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். உரிமத்தோடு ஒரு நிபந்தனையும் வேண்டும்: தானியத்தில் ஒரு பங்கு தருமபுரி, கிருஷ்ணகிரி ராகியாக இருக்கட்டும். விவசாயிக்கு நேரடியாகப் பணம் போய்ச் சேர வேண்டும்.