இலவச ஆங்கிலப் பாடங்கள் நாளையும் கிடைக்குமா?

பொதுத்தேர்வு முடிந்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "பிள்ளையை ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்த்துவிடலாம்" என்பதுதான். ஆங்கிலம் சரளமாகப் பேச வராததால் தான் இழந்த பதவி உயர்வு, வளைகுடாவில் வேலை பார்க்கும் வாப்பாவுக்கு நினைவிருக்கும். அந்த நிலை பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்று, கேட்ட கட்டணத்தை அனுப்பிவிடுகிறார். அதே வீட்டில் இருக்கும் செல்போனில் நல்ல தரமான ஆங்கிலப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களுக்கோ இப்போது புதிய கவலை ஒன்று வந்திருக்கிறது: இந்த இலவசம் எத்தனை நாளைக்கு?

2025 மார்ச்சில் நடந்தது என்ன?

அமெரிக்க அரசின் நிதியில் இயங்கும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி, 1959 அக்டோபர் 19 அன்று 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்ற ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1,500 அடிப்படைச் சொற்கள், சிறிய வாக்கியங்கள், வழக்கத்தைவிட மெதுவான வாசிப்பு. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மக்களுக்காகவே உருவான முறை இது. பின்னர் 'லேர்னிங் இங்கிலீஷ்' என்ற பெயரில் இணையத்திலும் வளர்ந்தது. செய்திக் கட்டுரை, அதன் ஒலிப்பதிவு, கடினமான சொற்களுக்கு எளிய விளக்கம் என மூன்றும் ஒரே பக்கத்தில் கிடைத்தன. புதிதாகக் கற்பவர்களுக்கான 'லெட்ஸ் லேர்ன் இங்கிலீஷ்' தொடரின் முதல் நிலையில் மட்டும் 52 பாடங்கள். எதற்கும் கட்டணம் இல்லை.

2025 மார்ச் 14 அன்று அதிபர் டிரம்ப், இந்த வானொலியை நடத்தும் அரசு நிறுவனத்தைச் சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்குச் சுருக்கும்படி ஆணையிட்டார். மறுநாளே வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஊழியர்கள் சுமார் 1,300 பேர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டனர். விவகாரம் நீதிமன்றங்களுக்குப் போனது. ஆனால் அறுபத்தைந்து ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த ஆங்கிலப் பாடங்களில் புதியவை வருவது நின்றுபோனது. பழைய பாடங்கள்தான் மிச்சம்.

யார் பணத்தில் வரும் இலவசம்?

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. இந்தப் பாடங்கள் யாரும் தர்மமாகக் கொடுத்தவை அல்ல. பனிப்போர்க் காலத்தில், தன் குரல் உலகெங்கும் கேட்க வேண்டும் என்பதற்காக அமெரிக்கா செய்த செலவு அது. கொள்கை மாறினால் குழாய் அடைபடும்.

பிரிட்டனின் கதையும் வேறல்ல. பிபிசி 1943லேயே வானொலி வழியாக ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது. அதன் 'பிபிசி லேர்னிங் இங்கிலீஷ்' தளமும், '6 மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சியும் இன்றும் இலவசம். அதே பிபிசிதான் 76 ஆண்டுகள் ஒலித்த தமிழோசை வானொலியை 2017 ஏப்ரல் இறுதியில் நிறுத்தியது. 85 ஆண்டுகள் ஒலித்த அரபு வானொலியை 2023 ஜனவரியில் மூடியது. குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை எல்லோருக்கும் இலவசப் பாடம் வைத்திருக்கும் பிரிட்டிஷ் கவுன்சில், கொரோனா காலத்தில் அந்நாட்டு அரசிடம் வாங்கிய சுமார் 20 கோடி பவுண்டு கடனில் தவிக்கிறது.

தனியார் செயலிகளுக்கு வேறு கணக்கு. முதலில் இலவசம், பிறகு விளம்பரம், அதன்பின் பயனுள்ள பகுதிக்கு மாதச் சந்தா. வியாபாரம் அப்படித்தான் நடக்கும். அதை நம்பி ஒரு தலைமுறையின் படிப்பை விட்டுவிட முடியாது என்பதே நாம் புரிந்துகொள்ள வேண்டியது.

நம் நாட்டில் இருப்பவை

அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா சொந்தமாகத் தயாரித்த பாடங்களுக்குக் காப்புரிமை இல்லை. இன்று திறந்திருக்கும்போதே ஒலிப்பதிவையும் எழுத்தையும் பதிவிறக்கி ஒரு பென் டிரைவில் வைத்துக்கொண்டால், பத்து ஆண்டுகள் கழித்தும் ஒரு ஊரே அதை வைத்துப் படிக்கலாம். பிறரிடமிருந்து வாங்கி வெளியிட்ட செய்திகளையும் படங்களையும் மட்டும் தவிர்த்துவிட வேண்டும்.

பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படிக்க முடியும். உம்மா தமிழில் வாசிக்க, பிள்ளை ஆங்கிலத்தில் வாசிக்கலாம். ஆங்கிலம் தெரியாத தாயும் பிள்ளையின் படிப்பில் பங்கெடுக்க இதைவிட எளிய வழி இல்லை. அதைப் பதிவிறக்கவும் அச்சிட்டுப் பகிரவும் அனுமதி உண்டு. கல்லூரி மாணவர்களுக்கு மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில், ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் ஆங்கிலப் பாடங்கள் உள்ளன. படிக்கக் கட்டணமில்லை, சான்றிதழ் தேர்வுக்கு மட்டுமே கட்டணம்.

செல்போனால் முடியாதது

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய விரும்புவோருக்கு எழுதுதலில் 6.5, மற்ற மூன்றிலும் 7 தேவை. கேட்டலுக்கும் வாசித்தலுக்கும் இணையத்தில் பயிற்சி கொட்டிக் கிடக்கிறது. ஆனால் நாம் எழுதியதைத் திருத்தவும், பேசியதைக் கேட்டுத் தவறைச் சொல்லவும் ஒரு மனிதர் வேண்டும். பேச்சுத் தேர்வு ஒரு தேர்வாளரோடு 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும் நேரடி உரையாடல். தனியாக வீடியோ பார்த்தவர்கள் பலர் தடுமாறுவது அங்கேதான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது நம்மோடு ஆங்கிலத்தில் உரையாடுகின்றன. பிழை விட்டாலும் சிரிக்காத துணை என்பதால், கூச்சம் தெளிய அவை உதவும். ஆனால் தவறான விளக்கத்தையும் அவை உறுதியோடு சொல்லும். குடும்ப விவரங்களையோ புகைப்படங்களையோ அவற்றிடம் தரக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே பணம் செலவழிப்பதாக இருந்தால், இலக்கணக் குறிப்புகளுக்கும் வீடியோக்களுக்கும் கொடுக்காதீர்கள். அவை இலவசம். எழுதியதைத் திருத்தித் தருபவருக்கும், எதிரில் உட்கார்ந்து பேச வைப்பவருக்கும் கொடுங்கள். ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்க்கும் முன், "வாரத்தில் எத்தனை நிமிடம் என் பிள்ளை பேசுவான்? எத்தனை கட்டுரை திருத்தித் தருவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

வீட்டில் யார் கையில் செல்போன்?

இணையப் பாடங்களால் அதிகம் பயனடையக் கூடியவர்கள் நம் பெண்கள். பள்ளிப்படிப்போடு நின்றவர்களும், திருமணத்தால் கல்லூரியைப் பாதியில் விட்டவர்களும் வீட்டிலிருந்தபடியே தொடரலாம். ஆனால் பல வீடுகளில் மகனுக்குத் தனி செல்போன் உண்டு. மகளுக்கு, உம்மாவின் செல்போன் ஓய்வாக இருக்கும்போது மட்டும். வகுப்புக்கும் அனுப்பாமல், செல்போனும் தராமல், "அவளுக்கு ஆர்வமில்லை" என்று சொல்வது நியாயமாகுமா? தினமும் இரவில் அரைமணி நேரம், கூடத்தில் எல்லோர் கண்முன்னும் அவள் படிப்பதற்கென்றே அந்த செல்போனை ஒதுக்குவது எந்த வீட்டிலும் முடியும்.

மீதியை ஊர் செய்யலாம். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரோ, கல்லூரியில் ஆங்கிலம் படிக்கும் ஒரு மாணவியோ இருப்பார். சனி, ஞாயிறு மாலைகளில் ஒரு மணி நேரம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக ஓர் உரையாடல் வட்டம் போதும். பதிவிறக்கிய பாடம் ஒன்றைக் கேட்டு, அதைப் பற்றி ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேசினால் போதும். இடம் ஜமாஅத்திடம் இருக்கிறது. பாடம் பென் டிரைவில் இருக்கிறது. வாஷிங்டனிலோ லண்டனிலோ யார் எந்த ஆணையில் கையெழுத்திட்டாலும் இந்த வகுப்பு நிற்காது.

வரும் விடுமுறைக்கு முன் உங்கள் ஜமாஅத் நிர்வாகியிடம் இதைப் பேசிப் பாருங்கள்.