உயிரணுவினுள் ஒளியும் நுண்ணுயிரும் எல்லைப்புற மலைக் காய்ச்சலும்

நுண்ணுயிர்களுக்கும் உயிரணுக்களுக்கும் இடையே நிகழும் புரத வினைகள் ஆய்வுக்கூடத்தார்க்கே உரியவை என்றும், களப் பணியாளர்க்கு அவற்றால் பயனில்லை என்றும் கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதற்கு உண்ணிக் காய்ச்சல் ஒன்றே போதிய சான்றாகும்.

'ஸ்க்ரப் டைபஸ்' எனப்படும் இந்நோய் மலையாளத்தில் 'செள்ளுபனி' என வழங்குகிறது. புல்லிலும் புதரிலும் காத்திருக்கும் மிகச் சிறிய உண்ணியின் இளநிலைப் பூச்சி கடிப்பதால் இது பரவுகிறது. இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாம்–பர்மா எல்லையிலிருந்த படைவீரர் பலரை இது வீழ்த்திற்று. புதரும் எலியும் மிகுந்த இடம் யாவும் இவ்வுண்ணிக்கு ஏற்றதே. பாலக்காட்டின் நெல்லியாம்பதி, அட்டப்பாடி மலைகளிலும் இடுக்கியின் ஏலத் தோட்டங்களிலும் இத்தகைய நிலம் நிறைய உண்டு. தேனி மாவட்டத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகத் தமிழ்த் தொழிலாளர் பலர் தோட்ட வேலைக்குச் சென்று மீள்கின்றனர்.

நோய்க்குக் காரணமான 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி' என்னும் நுண்ணுயிர், உயிரணுவுக்கு வெளியே பெருக வல்லதன்று. அதன் மேற்பரப்பிலுள்ள டி.எஸ்.ஏ. 56 என்னும் புரதம் நம் உடலின் ஃபைப்ரோனெக்டின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ள, உயிரணு தானே அந்நுண்ணுயிரை உள்ளே ஏற்கிறது. உள்ளே தன்னைச் சூழ்ந்த பையினின்று அது தப்பி வெளிப்படுகிறது. பின்னர் 'ஸ்கா-சி' என்னும் மற்றொரு புரதத்தின் துணையால், உயிரணுவில் சுமை சுமக்கும் டைனீன் என்னும் புரதத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு, நுண்குழல்களின் வழியே உட்கருவின் அருகே சென்று பெருகுகிறது. வேறு சில புரதங்கள், எதிர்ப்பைத் தூண்டும் ஆணைகள் உட்கருவினுள் தங்கிச் செயற்படாதவாறு தடுக்கின்றன. வீட்டின் ஏவலரைக் கொண்டே திருடன் வீட்டினுள் உலவுவதை இஃது ஒக்கும்.

இவ்வறிவிலிருந்து நடைமுறை உண்மைகள் மூன்று பெறப்படுகின்றன. முதலாவது, பெனிசிலின் வகை மருந்துகள் இந்நோயில் பயன்படா. உயிரணுவினுள் புகுந்து, நுண்ணுயிரின் புரத உற்பத்தியையே நிறுத்தும் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் பயன்படும். நோய் முற்றியவர்க்கு இவ்விரண்டையும் சிரை வழியாகச் சேர்த்தளிப்பது, தனித்தனியே அளிப்பதைவிடச் சிறந்ததென இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு காட்டிற்று. இரண்டாவது, டி.எஸ்.ஏ. 56 இனத்துக்கு இனம் வேறுபடுவதால், ஒருமுறை நோயுற்றவர்க்கும் நிலைத்த காப்பு உண்டாவதில்லை. தடுப்பூசியும் இன்னும் கிட்டவில்லை. மூன்றாவது, கடித்த ஆறு முதல் இருபத்தொரு நாள் வரை கழிந்தே காய்ச்சல் தோன்றுவதால், காட்டில் பெற்ற நோய் ஊர் திரும்பிய பின்னரே வெளிப்படலாம்.

இந்த மூன்றாம் உண்மையே எல்லைப்புறத்தில் ஆபத்தாகிறது. ஒரு மாநிலத்தில் வேலை செய்து மறு மாநிலத்தில் காய்ச்சலுறுபவரிடம், "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்பது போதாது, "மூன்று வாரத்துக்குள் எங்கே வேலை செய்தீர்கள்?" என்றும் கேட்டல் வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு ஆகிய இடங்களில் வலியற்ற கருத்த பொருக்கு உளதா எனப் பார்த்தலும் இன்றியமையாதது. பெண் தொழிலாளர்க்கு இச்சோதனையைப் பெண் பணியாளரே செய்தல் முறை. பொருக்கு இல்லை என்பதனால் நோய் இல்லை என்று துணிதல் கூடாது. ஐயம் எழுந்தால், ஆய்வின் முடிவுக்குக் காத்திராது மருத்துவரிடம் விடுத்தலே நன்று. தாமதத்தால் நுரையீரலும் மூளையும் சிறுநீரகமும் தாக்குறக்கூடும்.

ஆசிரியர்க்கும் இதில் கடமை உண்டு. உயிரணுவைப் படமாக வரைந்து கற்பிக்கும் நேரத்தில், அதனுள் நுழையும் இந்நுண்ணுயிரின் வழியையும் கூறினால், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் அச்செய்தியை வீட்டுக்கு எடுத்துச் செல்வர். முழுக்கை உடை, வேலை முடிந்தவுடன் குளியல், உடுத்த துணியைத் துவைத்தல் என்னும் எளிய அறிவுரைகளுக்கும் அப்போது காரணம் விளங்கும். காரணம் விளங்கிய அறிவுரையே மக்களிடம் நிலைக்கும்.