குடல் திறப்பு உடையோரும் நம் சமையலறையும்

பெருங்குடற் புற்றுநோய், தீராத குடல் அழற்சி முதலியவற்றிற்காகச் செய்யப்பெறும் அறுவைச் சிகிச்சையில், சிலருக்குக் குடலின் முனை வயிற்றுச் சுவரின் வழியே வெளியே கொணரப்படுகிறது. கழிவு அங்கே ஒட்டிய பையில் சேரும். இத்திறப்பினை ஸ்டோமா என்பர். 1981-இல் நிறுவப்பெற்ற திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திற்குக் கேரளத்தினரேயன்றிக் கன்னியாகுமரி மாவட்டத்தினரும் சிகிச்சை நாடி வருகின்றனர். இத்தகைய திறப்புடன் வீடு திரும்புவோர் முதலில் கேட்பது, ‘இனி எதை உண்பது?’ என்பதே.

விடை தெளிவாகக் கிடைக்காதபோது, பை நிறையும் என்றஞ்சி உணவையே குறைத்துக் கொள்வோர் உண்டு. இது பெருந்தவறு. வெறும் வயிற்றிலும் குடல் இயங்கும், வாயு மிகும், உடலோ மெலியும். நேரந்தவறாமல் சிறிது சிறிதாக உண்பதே நன்று.

பெருங்குடலில் திறப்பு உடையோர் புண் ஆறியபின் பெரும்பாலும் வழக்கமான உணவையே கொள்ளலாம். சிறுகுடலில் திறப்பு உடையோர் நிலை வேறு. நீரையும் உப்பையும் உறிஞ்சும் பெருங்குடல் அவர்களுக்குப் பயன்படுவதில்லை. ஆதலின் அவ்விரண்டும் மிகுதியாக வெளியேறும். வெப்பம் மிக்க நம் நாட்டில் உப்பிட்ட கஞ்சி அவர்களுக்கு ஏற்ற உணவாகும். கழிவு மிகும்போது வெறும் நீரை மட்டும் நிறையப் பருகினால் உப்பு மேலும் குறையும்; ஓ.ஆர்.எஸ். கரைசலே தக்கது. இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உடையவர் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

அயல்நாட்டு உணவுக் குறிப்புகள் செலரியையும் மக்காச்சோளத்தையும் விலக்கச் சொல்கின்றன. நம் இல்லங்களில் குடலை அடைக்கக்கூடியவை தேங்காய்த் துண்டு, துருவல், பலாச்சுளையின் நார், காளான், நிலக்கடலை ஆகியவை. வடித்த தேங்காய்ப்பாலில் அந்த நார் இல்லை. நன்கு வெந்த அரிசிச் சோறும் நேந்திரம்பழமும் கழிவை இறுகச் செய்யும். முதல் 6 வாரங்கள் நார்ப்பொருளைக் குறைத்து, பின்னர்ப் புதிய உணவுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, நன்கு மென்று உண்ணல் வேண்டும். கழிவு நின்று, வயிற்றுவலியும் வாந்தியும் கண்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

மருத்துவமனையில் தரும் அறிவுரையை வீட்டு அடுக்களையின் மொழியில் எடுத்துரைத்தல் களப்பணியாளரின் கடமை என்பது எம் கருத்து. ஸ்டோமா தொற்றுநோயன்று என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு உணர்த்துவாராக. ஓண விருந்தின் பந்தியில் அவருக்கும் ஓர் இலை இடுதல் வேண்டும். அவ்விலையில் எதை மென்று உண்பது, எதைத் தவிர்ப்பது என்பதை அவர் அறிந்திருத்தலே நம் பணியின் பயனாகும்.