யாருடைய குரல்?

டியானா டர்பின் தன் குரலை வீணாக்கிவிட்டாள் என்று இன்னமும் சிலர் அங்கலாய்க்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. யாருடைய குரல், ஐயா, அது?

1921-ல் கனடாவில், வின்னிபெக் நகரில் பிறந்தவள். 1936-ல் 'த்ரீ ஸ்மார்ட் கேர்ள்ஸ்' வெளிவந்தபோது வயது 15. முழுகவிருந்த யூனிவர்ஸல் கம்பெனியைக் கரையேற்றியதில் பெரும் பங்கு அவள் பாட்டுக்கு உண்டு. பொன் முட்டையிடும் வாத்தை வளரவிட யாருக்கு மனசு வரும்? 1939-ல் 'ஃபர்ஸ்ட் லவ்' படத்தில் ஒரே ஒரு முத்தம். அதற்குப் பத்திரிகைகள் செய்த அமர்க்களம்! 1944-ல் 'கிறிஸ்மஸ் ஹாலிடே'யில் கொலைகாரனின் மனைவியாக, நொந்துபோன பாடகியாக வந்தாள். நன்றாகவே நடித்தாள் என்பது என் கட்சி. கூட்டமும் வந்தது. ஆனால் பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். கம்பெனிக்கோ அந்தப் பழைய சிரிப்புத்தான் வேண்டியிருந்தது.

1948-ல் கடைசிப் படம். 1950-ல் சார்லஸ் டேவிட் என்ற டைரக்டரை மணந்து, பிரான்ஸில் ஒரு கிராமத்தில் குடியேறினாள். 2013-ல் இறக்கும் வரை படவுலகின் பக்கம் திரும்பவே இல்லை. இதுதான் குற்றமாம்!

1936-ல் 'எவ்ரி ஸண்டே' என்ற சிறு படத்தில் அவளோடு சேர்ந்து பாடிய பெண் ஜூடி கார்லண்ட். அவள் விலகவில்லை, பாடிக்கொண்டே இருந்தாள். 1969-ல் லண்டனில், தூக்க மருந்து மிஞ்சிப்போய், 47 வயதில் செத்துப்போனாள். அவளை மட்டும் கலைக்கே வாழ்ந்தவள் என்று கொண்டாடுகிறார்கள், இதே மனிதர்கள்.