வாட்டம் வைத்த அடுப்படி

ஆசாரி கேட்டது ஒரு லட்சத்து இருபதாயிரம். போனில் பார்த்த ரெடிமேட் மாடுலர் கிச்சன் ஐம்பத்தெட்டாயிரம். கை அரிக்காதா? திண்டிவனம் வீட்டு வாசலில் பதினோரு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. உள்ளே பலகைகள், பொட்டலம் பொட்டலமாக ஸ்க்ரூ, பேச்சே இல்லாமல் படம் மட்டும் போட்ட ஒரு தாள். கீழ்ப்பெட்டிகளுக்கான பிளாஸ்டிக் கால்களுக்குத் தனிக் காசாம். கால் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

தரையில் ரசமட்டம் வைத்தால் குமிழி ஓடிப்போய் ஓரமாக ஒண்டிக்கொள்கிறது. கொத்தனாரைத் திட்டவும் வழியில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், வாட்டம் வையுங்கள் என்று கூட நின்று சொன்னதே நாங்கள்தான்.

என்னால் ஆகவில்லை. அதே ஆசாரியைத்தான் விழுப்புரத்திலிருந்து வரவழைத்தேன். கூலி போக பஸ் காசும் சாப்பாடும். சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். “சுவரு அரை இஞ்ச் தள்ளியிருக்கு சார். பொட்டி ஒட்டாது. ஆப்பு வெச்சுதான் நிறுத்தணும்.” எனக்கு வைத்தது போதாதா என்று நினைத்துக்கொண்டேன்.

சிங்க்குக்கு ஓட்டை போட்டதும் பலகையின் உள்ளே இருப்பது தெரிந்தது. பசை போட்டு அழுத்திய மரத்தூள். “710 பிளைன்னா தண்ணி தாங்கும். இது ரொட்டி மாதிரி ஊதிடும்” என்றார். தெரியாதா எனக்கு? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது. சித்தப்பா வீட்டுக் கீழ் அலமாரிக் கதவுகள் அதற்கப்புறம் மூடவே இல்லை. பார்த்துவிட்டு வந்த நானேதான் இதை வாங்கியிருக்கிறேன்.

சிலிண்டருக்கு விட்ட இடத்தில் சிலிண்டர் நுழையவில்லை, வெளியே நிற்கிறது. கிரைண்டர் பழைய ஸ்டூலுக்கே திரும்பிவிட்டது. ஆசாரி கூலி, வாஷ்பேசின் கடையில் வாங்கிய சிலிகோன் பசை, உடைந்த ஒரு கதவுக்கு மாற்று என்று கணக்குப் போட்டால் தொண்ணூறாயிரத்தைத் தாண்டுகிறது. நான் போடுவதில்லை.

முதல் வெள்ளிக்கிழமை, அம்மா வாளியோடு வந்தார். ஐயோ, துடைத்தால் போதும் என்று குறுக்கே போய் நின்றேன்.

“தண்ணி ஊத்தக் கூடாதுன்னா அது என்னடா அடுப்படி?”

ஊற்றிவிட்டார். தண்ணீர் வாட்டம் பார்த்து, நேராக மூன்றாவது பெட்டிக்கு அடியில் போனது.